தாய்ப்பால்: தானமா, சரக்கா?

2024 மே மாத இறுதியில் சென்னை மாதவரத்தில் ஒரு கடையை உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டனர். சிறு புட்டிகளில் அடைத்து அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது தாய்ப்பால். 50 மில்லி கொண்ட ஒரு புட்டியின் விலை 500 ரூபாய் என்று நாளேடுகள் எழுதின. அதற்குச் சில நாட்கள் முன்னர், மே 24 அன்று, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுமைக்கும் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டிருந்தது. மனிதப் பாலைப் பதப்படுத்துவதற்கோ விற்பதற்கோ 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லை. அவ்வணிகம் உடனே நிறுத்தப்பட வேண்டும். எந்த அதிகாரியும் அதற்கு உரிமம் வழங்கக்கூடாது என்பது அதன் சாரம்.

செய்தி வந்த நாட்களில் எழுந்த கூக்குரல் பெரும்பாலும் ஒரே சுருதியில் இருந்தது. தெய்வீகமான தாய்ப்பாலையும் விற்கத் துணிந்துவிட்டார்களே என்று அங்கலாய்த்தார்கள், பிறகு மறந்தார்கள். அந்தப் பால் எந்தப் பெண்ணிடமிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. அவளுடைய குழந்தையின் வயிறு நிறைந்ததா என்று கேட்கவில்லை. அந்தப் புட்டியை வாங்க ஒரு தகப்பன் 500 ரூபாயுடன் ஏன் வந்து நின்றான், அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்க வேண்டிய பால் அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்றும் கேட்கவில்லை. விடை தேடப்பட வேண்டிய கேள்விகள் இவைதாம்.

தேவை உண்மையானது

தாய்ப்பால் தானம் என்பது செல்வந்தர் வீட்டுப் புதுமோகம் என்று கருதும் தோழர்கள் உண்டு. அக்கருத்து தவறு. உலகில் நிகழும் குறைமாதப் பிறப்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கின்றன. 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம். இவர்களில் மிகச் சிறிய எடையுடன் பிறப்பவர்களுக்கு உறிஞ்சும் வலுவும் இராது, செரிக்கும் வலுவும் இராது. புட்டிப்பால் மாவு கரைத்துக் கொடுத்தால் குடல் திசுவே அழுகிச் சிதையும் நோய் தாக்கும் அபாயம் கூடுகிறது. பெற்ற தாயின் பாலே இவர்களுக்கு முதல் மருந்து. தாய் தீவிர சிகிச்சையில் கிடந்தாலோ, இறந்துபோனாலோ, பால் சுரக்கத் தாமதமானாலோ, அடுத்த இடம் வேறொரு தாய் தானமாக அளித்த, பாதுகாப்பாகப் பதப்படுத்தப்பட்ட பாலுக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரிசையும் இதுவே.

பதப்படுத்தும் முறை எளியது. கொடுக்கும் தாய்க்கு எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், மேகநோய் ஆகியவை இல்லை எனச் சோதிக்கிறார்கள். பெறப்பட்ட பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து உடனே குளிர்விக்கிறார்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்குப் பின் உறைநிலையில் சேமித்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த குழந்தைக்கு மட்டும் வழங்குகிறார்கள். மாவட்ட மருத்துவமனை ஒன்றால் செய்ய இயலாத வேலை இதில் ஒன்றுமில்லை.

இதைச் செய்து காட்டியது ஒரு பொது மருத்துவமனையே. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பையின் சயான் மருத்துவமனையில், டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கியது. மாநகராட்சி நடத்தும் மருத்துவமனை அது. தாராவியின் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அதுவே பெரியாசுபத்திரி. அங்கே பால் கொடுத்தவர்கள் எங்கிருந்தோ வந்த கொடையாளிகள் அல்லர். பிரசவ வார்டிலேயே படுத்திருந்த உழைக்கும் பெண்கள். தம் குழந்தை குடித்தது போக மிஞ்சியதைப் பக்கத்துக் கட்டில்காரியின் குழந்தைக்குக் கொடுத்தார்கள். பல தாய்மாரின் பால் ஒரே கலனில் சேர்ந்து, எந்தச் சாதிக்காரி கொடுத்தது என்று பிரித்தறிய இயலாதபடி, உயிருக்குப் போராடும் ஒரு சிசுவின் வயிற்றுக்குப் போயிற்று.

உபரி என்றால் என்ன?

வங்கி வாங்குவது உபரிப்பாலை. வணிகனும் தான் வாங்குவது உபரிப்பாலைத்தான் என்கிறான். சொல் ஒன்று, பொருள் வேறு. தானத்தில், குழந்தையின் பசி முதலில் தீர்கிறது. அதன் பிறகு எஞ்சுவதே உபரி. விற்பனையில், விலை முதலில் நிர்ணயமாகிறது. அவ்விலைக்கு எவ்வளவு கறக்கலாம் என்பதைப் பொறுத்து உபரி உருவாக்கப்படுகிறது. கடைசியில் மிஞ்சுவதே குழந்தைக்கு.

இது கற்பனை அச்சமன்று. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் ஏழைக் குடியிருப்புப் பெண்களிடம் பால் வாங்கி, உறைய வைத்து, அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது ஒரு நிறுவனம். சத்துக்குறைவான குழந்தைகள் நிறைந்த நாட்டின் தாய்ப்பால் உலகின் பணக்கார நாட்டுக்கு விமானம் ஏறியது. கண்டனம் வலுத்த பின்னர் 2017 மார்ச்சில் கம்போடிய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் அமெரிக்காவிலேயே, வேலையின்மையில் உழன்ற டெட்ராய்ட் நகரின் கறுப்பினப் பெண்களிடம் அவுன்ஸுக்கு ஒரு டாலர் வீதம் பால் வாங்க ஒரு நிறுவனம் திட்டமிட்டது. கறுப்பினத் தாய்மாரின் அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன. அடிமை முறையின் காலத்தில் எசமானர் வீட்டுப் பிள்ளைக்குப் பாலூட்டுமாறு தம் பாட்டிகள் கட்டாயப்படுத்தப்பட்டதை அவர்கள் மறந்திருக்கவில்லை. நிறுவனம் பின்வாங்கியது.

நம் மரபும் இதற்கு விதிவிலக்கன்று. மரபு எண்ணும் ஐவகைத் தாயருள் முலைத்தாய் ஒருத்தி. அகத்திணையில் செவிலிக்கு உயர்ந்த இடம் உண்டு. தலைவி உடன்போக்கில் சென்றதும் பாலை வழியில் தேடி அலைபவள் அவளே. ஆனால் தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கிறது. ஒருத்தியின் அரவணைப்பில் வளர்ந்த இரு பெண்களில் ஒருத்தி தலைவி. மற்றொருத்தி, செவிலி தானே பெற்ற மகள், தலைவிக்கு ஏவல் செய்பவள். உரையாசிரியர்கள் இதில் அன்பின் ஐந்திணையைக் கண்டார்கள். வர்க்கத்தையும் கண்டிருக்கலாம்.

மார்க்ஸ் மூலதனம் முதல் தொகுதியில், இயந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தின் ஓர் அடிக்குறிப்பில், கசப்பான ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, இங்கிலாந்தின் ஆலைகள் மூடிக் கிடந்த காலம். நிலைமையை ஆராய அரசு அனுப்பிய மருத்துவர் எட்வர்ட் ஸ்மித், நெருக்கடியால் விளைந்த நன்மைகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்: ஆலைப் பெண்களுக்கு இப்போது தம் குழந்தைக்குப் பாலூட்ட நேரம் கிடைத்திருக்கிறது; அபினி கலந்த மருந்தைப் புகட்டி உறங்க வைக்க வேண்டியதில்லை. வேலை போய்ப் பட்டினி வந்த பிறகுதான் தொழிலாளியின் குழந்தைக்குத் தாயின் மார்பு கிடைத்தது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் செங்கல் சூளையிலும் கட்டுமானத் தளத்திலும் ஆயத்த ஆடை ஆலையிலும் நிற்கும் பெண்ணின் நிலை எவ்வளவு மாறியிருக்கிறது?

முதலில் எதிராக, இப்போது அதையே

மூலதனம் தாய்ப்பாலை முதன்முறையாக இன்று தாக்கவில்லை. கடந்த நூற்றாண்டில் பால்மாவு நிறுவனங்கள் தாய்ப்பால் போதாது என்று தாய்மாரை நம்பவைத்துத் தகர டப்பாக்களை விற்றன. தூய நீரும் எரிபொருளும் இல்லாத குடிசைகளில் நீர்த்த பால்மாவைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மாண்டார்கள். உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனை முறைகளுக்கு ஒரு பன்னாட்டு நெறியை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ரீகனின் அமெரிக்கா. இந்தியா 1992இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003இல் அதை மேலும் கடுமையாக்கியது. அச்சட்டத்தின்படி பால்மாவுக்கு விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. மருத்துவருக்குப் பரிசு கூடாது.

அன்று தாய்ப்பாலுக்கு எதிராக விற்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தாய்ப்பாலையே விற்க வந்திருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் இவ்வணிகத்தை வெளிப்படையாக நடத்தியது. உணவு உரிமம் கேள்விக்குள்ளானதும் 2021இல் கர்நாடகத்தில் ஆயுர்வேதப் பொருள் என்ற பெயரில் ஆயுஷ் உரிமம் பெற்றது. பண்டைய மருத்துவ நூல்களில் நாரிக்ஷீரம் இடம்பெறுகிறது என்பதே அதற்குக் காட்டப்பட்ட நியாயம். 300 மில்லியின் விலை 4500 ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. பாலூட்டலை ஆதரிக்கும் தன்னார்வ மருத்துவர்களின் அமைப்பு தொடர்ந்து புகார் எழுப்பிய பிறகே 2022இல் அந்த உரிமம் ரத்தானது. பாரம்பரியத்தின் காவலர்களாகத் தம்மை அறிவித்துக்கொள்வோரின் ஆட்சியில், பாரம்பரியம் ஒரு வணிக உரிமத்தின் முகவரியாகப் பயன்பட்டது.

மூன்று வாதங்கள்

இவ்வணிகத்துக்கு ஆதரவாக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. மூன்றும் மறுக்கத்தக்கவை.

முதல் வாதம்: தேவை இருக்கிறது, அரசால் நிறைவு செய்ய முடியவில்லை, தனியார் நிறைவு செய்தால் என்ன தவறு? கணக்குப் பார்க்கலாம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 150 மில்லி வீதம், நாளொன்றுக்கு 225 மில்லி வேண்டும். மாதவரத்து விலையில் அது 2250 ரூபாய். குறைமாதக் குழந்தைகள் மிகுதியாகப் பிறப்பது யார் வீட்டில்? சத்துணவின்றி, இரத்தசோகையுடன், பேறுகாலத்தின் கடைசி வாரம் வரை சுமை தூக்கும் பெண்களின் வீட்டில். நாட்டில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக அரசின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வே கூறுகிறது. இவர்களில் எவரால் நாளுக்கு 2250 ரூபாய் தர முடியும்? ஆகவே சந்தை தேவையை நிறைவு செய்வதில்லை. வாங்கும் திறனை மட்டுமே நிறைவு செய்கிறது. தாய்ப்பால் ஆலையில் உற்பத்தியைப் பெருக்கக்கூடிய பொருளுமன்று. தனியார் விலைக்கு வாங்கும் ஒவ்வொரு புட்டியும் அரசு வங்கிக்கு வந்திருக்கக் கூடிய புட்டி.

அரசால் முடியாது என்பதும் பொய். பிரேசிலைப் பாருங்கள். அங்கே 200க்கும் மேற்பட்ட தாய்ப்பால் வங்கிகள் பொதுச் சுகாதார அமைப்பின் அங்கமாக, ஒரே வலைப்பின்னலாக இயங்குகின்றன. அரசின் ஆராய்ச்சி நிறுவனமான பியோகுரூஸ் அவற்றை ஒருங்கிணைக்கிறது. கொடுப்பவருக்கும் காசில்லை, பெறுபவருக்கும் செலவில்லை. வெறுமையான காப்பித்தூள் கண்ணாடிச் சீசாவைக் கொதிநீரில் சுத்தம் செய்து அதிலேயே பாலைச் சேமிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். தலைநகர் பிரேசிலியாவில் தீயணைப்புப் படையினர் வீடு வீடாகச் சென்று அதைப் பெற்று வருகிறார்கள். பணக்கார நாடு செய்த அற்புதம் அன்று இது. இந்தியாவைப் போலவே ஏற்றத்தாழ்வு மலிந்த நாடு செய்தது.

இரண்டாம் வாதம் சற்றுக் கனமானது. முற்போக்கான பெண்களிடமிருந்தும் எழுவது. பெண்ணின் உடலுழைப்பையெல்லாம் தியாகம் என்று சொல்லி இலவசமாகவே சுரண்டி வந்த சமூகம் இது; பாலுக்கு மட்டும் ஏன் கூலி கூடாது? இக்கேள்வியின் பின்னுள்ள கோபம் நியாயமானது. ஆனால் மில்லிக்கு இவ்வளவு என்ற துண்டுக்கூலி அக்கோபத்துக்கு விடையாகாது. துண்டுக்கூலியின் இயல்பைத் தொழிற்சங்கத் தோழர்கள் அறிவார்கள். வறுமை அதிகமாகும்போது அளவு கூடும், விலை குறையும். பால் விற்கும் பெண் தன் குழந்தைக்கு ஊட்டும் வேளையைக் குறைப்பாள், தன் காய்ச்சலை மறைப்பாள், கலப்படத்துக்கும் தள்ளப்படுவாள். அமெரிக்காவில் இணையம் வழியே வாங்கிய 102 மாதிரிகளைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் பத்தில் பசும்பால் கணிசமாகக் கலந்திருந்ததைக் கண்டது. குற்றவாளி அந்தப் பெண்ணல்லள். அளவுக்குக் காசு என்ற ஏற்பாடு.

தாய்மைக்குக் கூலி வேண்டும். அதைப் பாலுக்கு விலையாகக் கேட்கக்கூடாது, பேறுகால ஊதியமாகக் கேட்க வேண்டும். 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்று சட்டம் சொல்கிறது. அது முறைசார்ந்த துறையின் சிறுபான்மைப் பெண்களுக்கு மட்டுமே கைக்கெட்டுகிறது. விவசாயக் கூலிப் பெண், வீட்டு வேலை செய்யும் பெண், பீடி சுற்றும் பெண் ஆகியோருக்கு எஞ்சியது என்ன? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு பேறுகாலத்துக்கும் குறைந்தது 6000 ரூபாய் என்று உரிமை வழங்கியது. ஒன்றிய அரசோ முதல் குழந்தைக்கு 5000 ரூபாய், அதுவும் தவணைகளில், என்று அவ்வுரிமையைக் கத்தரித்தது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும் பின்னர் சற்றே தளர்த்தியது. ஆறு மாதம் வேறெதுவும் கொடாமல் தாய்ப்பாலே புகட்ட வேண்டும் என்று சுவரெங்கும் எழுதி வைக்கும் அரசு, அந்த ஆறு மாதமும் தாய் எதைத் தின்று பால் சுரப்பாள் என்பதற்கு மாதம் ஆயிரம் ரூபாய்கூட ஒதுக்கவில்லை.

மூன்றாம் வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. தாய்மை புனிதம், தாய்ப்பால் அமுதம், வங்கி, இயந்திரம், ஊரார் பால் எல்லாம் மரபுக்கு ஒவ்வாதவை என்பது அது. யாருடைய பாலோ, எந்தச் சாதியோ என்ற முணுமுணுப்பு இதன் அடியில் ஓடுகிறது. புனிதம் பேசுவோரிடம் சில எண்களைக் காட்ட வேண்டும். அதே தேசிய ஆய்வின்படி நாட்டில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடு மட்டுமே. தாய்மார் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். அங்கே அவர்கள் அருகில் நின்று குழந்தையை மார்பில் சேர்க்கச் செவிலியர் இல்லை. தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழப் பாதிப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிகின்றன. பாலூட்டலைப் பற்றி வீடு வீடாகச் சென்று சொல்லும் ஆஷா, அங்கன்வாடி ஊழியருக்குத் தொழிலாளி என்ற தகுதியே மறுக்கப்பட்டு, ஊக்கத்தொகையும் மதிப்பூதியமும் பிச்சையாக வீசப்படுகின்றன. அமுதம் என்று பாடுவதற்குச் செலவில்லை. ஒரு செவிலியரை நிரந்தரப் பணியில் அமர்த்தத்தான் செலவு.

காகிதத்தில் உள்ள திட்டம்

ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2017இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. தானப் பாலைப் பதப்படுத்தும் முழுமையான பாலூட்டல் மேலாண்மை மையங்கள், பெற்ற தாயின் பாலைச் சேமித்துக் கொடுக்கும் அலகுகள், பிரசவம் நடக்கும் இடமெங்கும் பாலூட்ட உதவும் ஆலோசனை அலகுகள் என்று மூன்று அடுக்குகளை அது வகுத்தது. தானம் விருப்பப்படி, ஊதியமின்றி நடக்க வேண்டும். அப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிசுக்களுக்கு மட்டும் செல்ல வேண்டும் என்றது. நெறியில் குறையில்லை. ஆனால் வழிகாட்டுதல் சட்டமன்று. அதை மீறியவரைத் தண்டிக்க அதில் பிரிவில்லை. பல மாநிலங்களில் மூன்று அடுக்குகளும் காகிதத்திலேயே நிற்கின்றன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இயங்குகின்றன. குழந்தை மரணம் மிகுந்த இந்தி பேசும் மாநிலங்களின் மாவட்ட மருத்துவமனைகளில்தான் அவை மிக அவசரமாகத் தேவை. 2024 மே மாத அறிவுறுத்தல் வாசலை மூடியது. ஆனால் உள்ளே அறை கட்டப்படவில்லை. அறை இல்லாத இடத்தில் வணிகன் பின்வாசல் வழியே வருவான்.

இங்கே இடதுசாரி இயக்கம் தன்னையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பாலூட்டல் என்றால் அது மாதர் அமைப்பின் வேலை, ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு கூட்டம் போட்டால் போதும் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம் கிளைகளிலும் உண்டு. மருத்துவமனைக் காலிப்பணியிடம், குறைந்தபட்சக் கூலி, பணியிடக் குழந்தைகள் காப்பகம், பொது விநியோகம் ஆகிய நம் அன்றாடப் போராட்டங்கள் அனைத்தும் ஒரு புட்டிப் பாலில் வந்து சந்திக்கின்றன. இதை ஆண் தோழர்களும் கிளைக் கூட்டத்தில் பேச வேண்டும்.

கோரிக்கைகள் தெளிவானவை. தாய்ப்பாலையும் அதிலிருந்து செய்யும் பொருள்களையும் வாங்குவதும் விற்பதும் ஏற்றுமதி செய்வதும் தண்டனைக்குரிய குற்றம் என நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அச்சட்டம் பால் விற்ற ஏழைத் தாயைத் தண்டிக்கக்கூடாது. வாங்கி விற்கும் நிறுவனத்தைத் தண்டிக்க வேண்டும். பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவு உள்ள ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் பொதுச் செலவில் தாய்ப்பால் வங்கி அமைய வேண்டும்; அதற்கு நிரந்தரப் பணியாளர் வேண்டும். அங்கே தாய் தன் குழந்தையின் அருகிலேயே தங்க இடமும் உணவும் தரப்பட வேண்டும். அமைப்புசாராத் துறையின் பெண்களுக்கும் ஆறு மாதம் குறைந்தபட்சக் கூலிக்கு நிகரான பேறுகால ஊதியம் வேண்டும். வேலையிடங்களில் காப்பகமும் பாலூட்ட இடைவேளையும் ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வர வேண்டும்.

சயான் மருத்துவமனையின் வார்டில் தன் குழந்தை உறங்கிய பிறகு பக்கத்துச் சிசுவுக்காகப் பால் பிழிந்து கொடுத்த பெண்ணிடம் விலைப்பட்டியல் இல்லை. தன்னிடம் மிஞ்சியதை இல்லாதவளுக்குக் கொடுத்தாள். அதைக் கெடாமல் காத்து உரிய குழந்தைக்குச் சேர்க்க ஒரு பொது மருத்துவமனை இருந்தது. அந்தக் கையும் அந்த மருத்துவமனையும் சேர்ந்தால்தான் தானம். மருத்துவமனையை அகற்றிவிட்டால், நீட்டிய அந்தக் கையைச் சந்தை பற்றிக்கொள்ளும்.